உள்ளான் வந்தால் ஆறு சுத்தமா?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர், ஜனவரி வந்தால் செய்தித்தாளில் ஒரு படம் வரும். ஏதோ ஒரு கழிமுகம். சேற்றில் கால் புதைய நூற்றுக்கணக்கில் பறவைகள். மேலே கொட்டை எழுத்தில் 'வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை' என்று ஒரு தலைப்பு. கீழே செய்தியில் யாராவது ஒரு அதிகாரி, 'பறவைகள் இவ்வளவு வருவதே இந்த நீர்நிலை ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம்' என்று சொல்லியிருப்பார். படிப்பவருக்கும் மனசு குளிர்ந்துவிடும். பறவைக்கே பிடித்திருக்கிறது என்றால் ஆறு நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. இது சுத்த அபத்தம். அதுவும் சாதாரண அபத்தம் இல்லை, பல பேருக்கு வசதியான அபத்தம். பக்கத்தில் புகை கக்கும் ஆலைக்கு வசதி. அந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தவருக்கு வசதி. வார இறுதியில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு போய், நாற்பது இனம் பார்த்தேன் ஐம்பது இனம் பார்த்தேன் என்று எண்ணிவிட்டுத் திரும்பும் பறவை ஆர்வலருக்கும் கூட (கோபித்துக்கொள்ள வேண்டாம்) கொஞ்சம் வசதி. வசதி இல்லாதது ஒரே ஒரு தரப்புக்கு. அது அந்தச் சேற்றில் அலகை நுழைத்துத் தின்றுகொண்டிருக்கும் பறவைக்கு.

கழிமுகத்துக்குப் பறவை ஏன் வருகிறது? நீரின் தரத்தைப் பார்த்து வருவதில்லை. தரச் சான்றிதழ் வாங்கிப் படித்துவிட்டு இறங்குவதும் இல்லை. சேற்றில் புழு இருக்கிறதா, மட்டி இருக்கிறதா, நண்டுக்குஞ்சு இருக்கிறதா என்பதுதான் அதன் ஒரே கேள்வி. கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. முப்பது கிராம் கூட எடை தேறாது, ஒரு தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய உடம்பு. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுத் தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. வளைமூக்கு உள்ளானும் அப்படித்தான். இவ்வளவு தூரம் பறந்து வந்த உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கும். திரும்பிப் போவதற்குள் தின்று தின்று கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். தின்பதற்குக் கிடைக்கும் நேரமோ வற்றம் இருக்கும் சில மணி நேரம்தான். இந்த நிலையில் இருக்கும் ஒரு ஜீவன், ஓட்டலில் உட்கார்ந்து மெனு பார்ப்பது போல இடம் பார்த்துக்கொண்டிருக்குமா?

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. சாக்கடை கலக்கும் கழிமுகங்களில் பல சமயம் பறவைகள் அதிகமாகவே வரும். சாக்கடை என்பது உரம். உரம் விழுந்தால் பாசி பெருகும், சேற்றுப்புழு பெருகும். மும்பையின் தானே கழிமுகத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாகக் கூடுவதற்கு, நகரத்தின் கழிவுநீர் வளர்க்கும் பாசியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். 2015-ல் அது பூநாரை சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. நல்ல விஷயம்தான். ஆனால் பூநாரை வந்ததால் தானே கழிமுகம் தெளிந்துவிட்டது என்று யாராவது அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டுவார்களா?

ஆகவே பறவை வருவது சோற்றுக்கு. சோற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல, அதாவது ரொம்ப மோசமான, உதாரணம் இருக்கிறது.

லிவர்பூல் நகரத்தை ஒட்டி ஓடிக் கடலில் சேரும் ஆறு மெர்சி. தொழிற்புரட்சி காலத்திலிருந்து அதில் கொட்டாத கழிவு கிடையாது. அப்படியும் குளிர்காலத்தில் அதன் அகன்ற சேற்றுப்படுகைகளுக்கு உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டுதான் இருந்தன. முக்கியமாக டன்லின் என்கிற சின்ன உள்ளான். 1979 இலையுதிர் காலத்தில் மெர்சியின் கரையில் பறவைகள் செத்து ஒதுங்க ஆரம்பித்தன. பத்து இருபது இல்லை. சுமார் 2,400. பெரும்பாலும் டன்லின். கூடவே கடற்காகங்கள், வாத்துகள், பவளக்காலிகள், கோட்டான்கள்.

எண்ணெய் எதுவும் கொட்டவில்லை. தண்ணீர் நிறம் மாறவில்லை. செத்த பறவைகளின் சிறகு பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. சாகக் கிடந்தவற்றுக்குத் தலை நடுங்கியது, பறக்க முடியவில்லை, எச்சம் பச்சைப் பசேலென்று வால் பக்கம் அப்பியிருந்தது. அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

அந்த ஊர்க்காரர்கள் ஒரு உருப்படியான காரியம் செய்தார்கள். செத்த பறவைகளைப் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அறுத்துப் பார்த்ததில் ஈரலில் ஈயம் இருந்தது. சாதாரண ஈயம் இல்லை, ஆல்கைல் ஈயம், அதாவது கார்பனோடு சேர்ந்த ஈயம். அந்தக் காலத்தில் இஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பார்கள். அதைத் தயாரிக்கும் ஆலை மெர்சியின் தென்கரையில் இருந்தது. அதன் கழிவு கப்பல் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போனது. சேற்றில் இருந்த சின்ன மட்டிகளும் புழுக்களும் அதை உடம்பில் சேர்த்துக்கொண்டன. அவை சாகவில்லை. சேற்றுக்குள் நன்றாகவே வாழ்ந்தன. அவற்றை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் விழுங்கிய பறவைதான் செத்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1979 செப்டம்பரில் ஒருவர் மெர்சி கரையில் நின்று எண்ணியிருந்தால், 'அடேயப்பா, எத்தனை டன்லின்! ஆறு பிழைத்துக்கொண்டது' என்றுதான் எழுதியிருப்பார். இரை நிறைய, பறவை நிறைய. விஷமும் நிறைய. மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தன.

ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. அதே ஈயச் சேர்மத்தை வளர்ப்பு மைனா இனப் பறவைகளுக்கு (ஸ்டார்லிங்) அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு கொடுத்தவை சில நாட்களில் செத்தன. குறைந்த அளவு கொடுத்தவை சாகவில்லை. ஆனால் சரியாக இல்லை. உடல்நிலை தளர்ந்தது, தின்னும் விதம் மாறியது. ஆக, மெர்சியில் எண்ணப்பட்ட 2,400 என்பது செத்துக் கரை ஒதுங்கி மனிதர் கண்ணில் பட்ட கணக்கு மட்டுமே. பாதி விஷத்தோடு பறந்து போனவை எத்தனை? கடல் இழுத்துக்கொண்டு போனவை எத்தனை? அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. 1980-லும் 1981-லும் சிறிய அளவில் மறுபடி செத்தன. ஆலை தன் கழிவில் ஈயத்தைக் குறைத்த பிறகே சாவு குறைந்தது.

அரைகுறை விஷம் என்பது உள்ளானுக்கு என்ன அர்த்தம்? மனிதருக்கு என்றால் மருத்துவ விடுப்பு. உள்ளானுக்கு அப்படி ஒன்று கிடையாது. வல்லூறு பாயும்போது கூட்டத்தோடு சேர்ந்து திரும்ப அரை வினாடி தாமதமானால் அது காலி. சேற்றில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் புழு குறைவாகப் பிடித்தால் புறப்படும் நாளில் கொழுப்பு போதாது. பட்டைவால் மூக்கன் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அப்படிப் பறக்கும் ஒரு இயந்திரத்தில் சின்னக் கோளாறு என்று ஒன்று கிடையாது. அதோடு, கொழுப்பில் கரையும் விஷங்கள் உடம்பில் இருந்தால், கொழுப்பு எரிய எரிய அவை ரத்தத்துக்கு வரும். சாவு நடப்பது கழிமுகத்தில் அல்ல, எங்கோ நடு வானத்தில். பிரேதம் கிடைக்காத கொலை!

இப்போது சேற்றின் ரசாயனத்துக்கு வரலாம். கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்கு இது எளிது, படிக்காதவர்களுக்கும் எளிதுதான்.

ஆற்று நீரில் நுண்ணிய களிமண் துகள்கள் மிதந்து வரும். ஒவ்வொரு துகளும் எதிர்மின் சுமையோடு இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கலங்கலாகவே இருக்கும். ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் இந்தத் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு வரும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் உப்பு வந்து சேர்ந்ததும் அந்த விலக்கம் போய்விடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படியும். கழிமுகத்தில் இவ்வளவு சேறு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலோகங்கள் அந்தச் சேற்றில் போய் உட்காருவதும் இதே வழியாகத்தான். சேற்றுக்கு அடியில் காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றும். மினமாட்டாவில் மனிதர்களை முடமாக்கியது அந்த மீத்தைல் பாதரசம்தான். (மனிதர்களுக்கு முன்பே அங்கே பூனைகள் வலிப்பு வந்து ஆடின, காகங்கள் வானத்திலிருந்து விழுந்தன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

ஆக, கழிமுகத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கலாம், சோதனையில் தேறலாம். ஏனென்றால் விஷம் தண்ணீரில் இல்லை, கீழே இறங்கிவிட்டது. உள்ளான் சாப்பிடுவதும் கீழேதான். சின்ன உள்ளான்களில் சில, சேற்றின் மேல் படியும் வழவழப்பான உயிர்ப்படலத்தையே நாக்கால் வழித்துத் தின்கின்றன என்று ஜப்பானிய, கனடிய ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். புழு கூட இடையில் இல்லை. நேரடியாகச் சேறு, நேரடியாக வயிறு.

இந்தியச் சட்டம் இதில் என்ன செய்கிறது? 1986-ம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஒரு அட்டவணை இருக்கிறது. கழிவுநீரில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று. ஈயத்துக்குப் பாருங்கள். ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீரில் விடுவதானால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். கடலோர நீரில் விடுவதானால் 2 மில்லிகிராம். அதாவது இருபது மடங்கு! கடல் பெரியது, கரைந்துவிடும் என்கிற கணக்கு. நடுக்கடலில் கொட்டினால் ஒருவேளை சரி. ஆனால் கடலோரம் என்றால் நடைமுறையில் எந்த இடம்? கழிமுகம், உப்பங்கழி, ஓதம் ஏறும் கால்வாய். அங்கே கரைவதில்லை, படிகிறது. வற்றத்தில் வெளியே போனது ஏற்றத்தில் திரும்ப உள்ளே வருகிறது. எந்த இடத்தில் விஷம் தங்குமோ அந்த இடத்துக்குச் சலுகை!

அளப்பதும் குழாய் வாயில் ஓடும் நீரை, அல்லது கழிமுகத்தில் மொண்டெடுத்த நீரை. கடலோர நீருக்கென்று தனியாகத் தர அளவுகள் உண்டு, அவையும் நீருக்குத்தான். சேற்றில் எவ்வளவு ஈயம் இருந்தால் தவறு என்று ஆலையைக் கட்டுப்படுத்தும் ஒரு எண் கிடையாது. தாண்டுவதற்கு எல்லையே இல்லாதபோது யார் தாண்டினார்கள் என்று எப்படிக் கேட்பது? ஆலைக்காரர் 'நாங்கள் எல்லா விதிமுறைகளுக்கும் உட்பட்டே செயல்படுகிறோம்' என்று சொன்னால் அது பல சமயம் பொய்யே இல்லை. அதுதான் கொடுமை.

சரணாலயம் என்று பலகை மாட்டினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு கெஸ்டர்சன் கதை. கலிபோர்னியாவில் வயல்களின் வடிகால் நீரைச் சான்பிரான்சிஸ்கோ கழிமுகப் பகுதிக்குக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார்கள். பணமும் எதிர்ப்பும் சேர்ந்து பாதியில் நின்றது. பாதியில் நின்ற இடத்தில் 12 குளங்கள் வெட்டி நீரை அதில் விட்டார்கள். அதற்குப் பெயர் கெஸ்டர்சன் தேசிய வனவிலங்குப் புகலிடம். காய்ந்த நிலத்தில் நீரைக் கண்டதும் பறவைகள் கூட்டமாக இறங்கின, கூடு கட்டின. 1983-ல் முட்டைகளைத் திறந்து பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். கண் இல்லாத குஞ்சுகள், முறுக்கிய அலகுகள், கால் இல்லாத கருக்கள். நெடுங்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான் போன்ற சேற்றில் நடக்கும் பறவைகளும் அதில் அடக்கம். காரணம் செலினியம். மண்ணில் இயற்கையாக இருந்ததைப் பாசன நீர் கரைத்துக்கொண்டு வந்திருந்தது. நீரில் இருந்தது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவில். பாசி, பூச்சி என்று ஏறி ஏறி பறவையின் முட்டைக்கு வரும்போது பல மடங்காகிவிட்டது.

புகலிடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பறவைகள் நம்பி வந்தன. வராமலே இருந்திருந்தால் பிழைத்திருக்கும். 1986-ல் அங்கே நீர் விடுவதை நிறுத்தினார்கள், பிறகு குளங்களை மண் போட்டு மூடினார்கள்.

செலினியம் வேறு எதில் இருக்கிறது தெரியுமா? நிலக்கரிச் சாம்பலில். இங்கேதான் கதை வடசென்னைக்கு வருகிறது.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடத் தேவையில்லை, மணலி பக்கம் ஒரு முறை பஸ்ஸில் போனாலே மூக்கு சொல்லிவிடும். அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் வருடக்கணக்காக அங்கங்கே உடைந்து ஒழுகியது. ஒழுகியது எல்லாம் ஆற்றில். சேறு இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியது போலச் சாம்பல் படிந்து கிடக்கும் படங்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். மீனவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள், வழக்குகள் நடந்தன, நிபுணர் குழுக்கள் வந்தன.

சாம்பல் இரண்டு விதமாகக் கொல்கிறது. ஒன்று, அதில் உள்ள ஆர்சனிக், ஈயம், செலினியம் இத்யாதி. இரண்டாவது இன்னும் எளிமையானது. கொசு உள்ளானின் அலகு ஒரு விரற்கடை நீளம். பவளக்காலிக்கு அதைப் போல இரண்டு பங்கு. அந்த நீளத்துக்குள் எட்டுகிற புழுதான் அதற்குச் சொத்து. மேலே ஒரு சாண் சாம்பல் படிந்து இறுகினால், கீழே புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. தங்கள் குழாயில் கசிவு இல்லை என்று மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு நிறுவனம் முதலில் சொன்னது. எண்ணெய் அந்த ஆலையிலிருந்துதான் வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீர்ப்பாயத்தில் சொன்னது. கரி பூசினாற்போல் நின்ற கூழைக்கடாக்களின் படம் நாடு முழுவதும் போனது. மனசு பதறியது உண்மை. மீனவர்கள் வாளியையும் கையையும் வைத்து எண்ணெய் அள்ளினார்கள். (2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். ஆறு வருடத்தில் தொழில்நுட்ப வளர்ச்சி பூஜ்யம்.) அதே டிசம்பர் 26 நள்ளிரவில் ஒரு உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள்.

கூழைக்கடா பெரிய பறவை, வெளிர் நிறம். கறுப்பு ஒட்டினால் ஒரு பர்லாங் தூரத்திலிருந்து தெரியும். உள்ளான் சேற்று நிறம். அதன் வயிற்றில் இரண்டு சொட்டு எண்ணெய் ஒட்டினால் யார் கேமராவில் விழும்? பறவை அலகால் சிறகைக் கோதும்போது அந்த எண்ணெய் வாய்க்குள் போகும். சிறகில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டினாலே பறக்க ஆகும் சக்தி கூடிவிடும். மேலே மிதந்த எண்ணெயை அள்ளியாயிற்று, படமும் நின்றுவிட்டது. அலையாத்தி வேருக்கு இடையில் சேற்றில் இறங்கிய எண்ணெயை யார் அள்ளினார்கள்? அடுத்த வருடம் செப்டம்பரில் சைபீரியாவிலிருந்து வந்து இறங்கிய உள்ளானுக்கு, போன டிசம்பரில் டி.வி.யில் வந்தது எதுவும் தெரியாது.

'பறவைக்காக ஆலையை மூட முடியுமா? ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை' என்று உடனே ஒரு குரல் வரும். யாரும் மூடச் சொல்லவில்லை. மெர்சியில் அந்த ஆலையை மூடித்தான் பறவையைக் காப்பாற்றினார்களா? கழிவைக் குறைக்க வைத்தார்கள், அவ்வளவுதான். 1985-லிருந்து 25 வருடம் ஒரு இயக்கமாகவே நடத்தி ஆற்றைத் தேற்றினார்கள். அப்புறம் அந்த ஈய பெட்ரோலே வழக்கொழிந்தது. இந்தியாவில் 2000-ல் நின்றது. 2021-ல் அல்ஜீரியாவில் கடைசியாக நின்றதோடு உலகத்தில் எங்கும் கார்களுக்கு அதை விற்பதில்லை. கார்கள் ஓடாமல் நின்றுவிட்டனவா?

பறவையா மனிதனா என்று கேட்பவர்கள் ஒரு முறை வற்றத்தின்போது எண்ணூர் போய்ப் பார்க்கட்டும். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அங்கே இருக்கிறார்கள். வலை கூடக் கிடையாது, கைதான். பிடித்ததைக் கழுத்தில் அல்லது வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு நாலடி தள்ளி அதே சேற்றில் பவளக்காலி அதே இறால் குஞ்சைத் தேடிக்கொண்டிருக்கும். உள்ளான் ஐந்தாறு மாதம் இருந்துவிட்டுப் போய்விடும். இவர்கள் எங்கே போவார்கள்? கடலூர் உப்பனாற்றங்கரையிலும் இதே கேள்விதான், அங்கே சிப்காட்.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பறவைகள் வருவதற்கு முன் ஆகஸ்டில் ஒரு முறை, போவதற்கு முன் மார்ச்சில் ஒரு முறை, ஒவ்வொரு கழிமுகத்திலும் குறிப்பிட்ட இடங்களில் சேற்றையும் புழுவையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவை அப்படியே வெளியிட வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மூன்று மாதம் காத்திருந்து வாங்கும்படி இல்லாமல். சேற்றுக்கு ஒரு எண் வைத்து அதைத் தாண்டினால் குழாயை அடைக்க வேண்டும். கடலோரத்துக்கு இருபது மடங்கு ஈயம் என்கிற சலுகை கழிமுகத்துக்குப் பொருந்தாது என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

செத்த பறவைக்கும் ஒரு வழி வேண்டும். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் பறவைகளின் உடலில் நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது. உடல்தான் போய்ச் சேர்வதில்லை. காரணம் வேடிக்கையானது. காட்டுப் பறவை என்பதால் செத்த உள்ளானை அனுமதி இல்லாமல் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போனால் வன உயிரினச் சட்டப்படி அவர் மேல் வழக்கு வரலாம். அதைக் கொன்ற சேற்றை உண்டாக்கியவர் மேல், விதி எதையும் மீறாததால், வழக்கு வராது! வனத்துறை ஒரு தொலைபேசி எண் கொடுத்து, தகவல் வந்ததும் ஒரு ஐஸ் பெட்டியோடு ஆள் அனுப்பினால் முடிந்தது. மெர்சியில் 1979-லேயே செய்ய முடிந்த காரியம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தன்னார்வலர்கள் விடியற்காலையில் எழுந்து, சொந்தக் காசில் போய், சேற்றில் நின்று எண்ணுகிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தப் படிவத்தில் பதிவாவது எத்தனை தலை என்பது. அந்தத் தலை நடுங்கிக்கொண்டிருந்ததா என்று எழுத அதில் ஒரு கட்டம் போட்டால் என்ன செலவு? எண்ணிவிட்டு வரும்போது ஒரு டப்பா சேறு அள்ளிக்கொண்டு வந்தால் என்ன கஷ்டம்? அடுத்த ஜனவரியில் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இறங்கப் போகிற கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த டப்பாவைத்தான். பைனாகுலரை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.